வீட்டிலேயே மூலிகைக் களிம்பு: எண்ணெய், மெழுகு, பயணத்துக்கேற்ற பதம்

மூலிகையின் சாரம் இறங்கிய எண்ணெயைத் தேன்மெழுகு சேர்த்துக் கெட்டியாக்கினால் கிடைக்கும் பூச்சு மருந்தே மூலிகைக் களிம்பு. வெறும் தைலத்தைத் தோலில் தேய்த்தால் அது வழிந்து ஓடும். உடுத்திய துணி அதில் பாதியை உறிஞ்சிக்கொள்ளும். அதே தைலத்தோடு அளவாக மெழுகு சேர்ந்துவிட்டால், பூசிய இடத்திலேயே அது ஒரு மெல்லிய படலமாக நின்று, தோலின் ஈரம் வெளியேறாமல் காத்து, மூலிகையையும் அங்கேயே தங்க வைக்கிறது. சித்த மருத்துவம் புற மருந்துகளை 32 வகையாகப் பிரித்து, அவற்றுள் களிம்பையும் ஒன்றாக வைத்திருக்கிறது.

களிம்பு தொடக்கத்திலிருந்தே கையோடு எடுத்துச் செல்லும் மருந்தாகவும் இருந்துவந்திருக்கிறது. காசிநாதுனி நாகேஸ்வர ராவ் 1893-இல் பம்பாயில் தொடங்கிய அமிர்தாஞ்சன் ஒரு சிறு புட்டிக்குள் அடங்கியதால்தான் இரயில் பெட்டிகளிலும் சட்டைப் பைகளிலும் இடம்பிடித்தது. சிங்கப்பூரிலிருந்தும் மலேசியாவிலிருந்தும் ஊருக்கு வரும் உறவினர்களின் பெட்டியில் கோடாலித் தைலத்துக்குப் பக்கத்தில் டைகர் பாம் புட்டி ஒன்றாவது இருக்கும். ஆனால் தொழிற்சாலையில் தயாராகும் களிம்பு எந்த வெயிலையும் எந்தக் குளிரையும் ஓரளவு தாங்கும்படி ஒரே பதத்தில் வார்க்கப்படுகிறது. வீட்டில் செய்வதில் உள்ள பெரிய வசதி, போகும் ஊரின் வெப்பத்துக்கு ஏற்ப அந்தப் பதத்தை நாமே முடிவு செய்யலாம் என்பதுதான். இந்தக் கட்டுரை முதலில் அடிப்படைக் களிம்பைச் செய்யும் முறையையும், பிறகு அதைப் பயணத்துக்கு ஏற்றபடி மாற்றும் முறையையும் சொல்கிறது.

எண்ணெயும் மூலிகையும்

தேங்காய் எண்ணெயும் நல்லெண்ணெயும் நம் வீடுகளில் எப்போதும் இருப்பவை. களிம்புக்கு இரண்டுமே ஏற்றவை. தேங்காய் எண்ணெய் எளிதில் சிக்கு வாடை அடிக்காது; ஆனால் ஏறத்தாழ 24 அல்லது 25 டிகிரி செல்சியஸில் உருகிவிடும். சென்னையில் ஆண்டின் பெரும்பகுதி நீர்மமாக இருக்கும் அதே எண்ணெய் உதகமண்டலத்தில் புட்டிக்குள் கல்லாக உறைந்து கிடப்பது இதனால்தான். நல்லெண்ணெய் இந்த வெப்பநிலைகளில் உறைவதில்லை; தோலில் நன்றாக இறங்கும்; ஆனால் அதற்கென்று ஒரு மணம் உண்டு, எல்லாருக்கும் அது பிடிப்பதில்லை. புதிதாகத் தொடங்குபவர்கள் இரண்டையும் சம அளவில் கலந்துகொள்ளலாம் என்பது என் கருத்து. குளிரில் அளவுக்கு மீறி இறுகுவதையும் வெயிலில் ஒரேயடியாக இளகுவதையும் அந்தக் கலவை ஓரளவு சமன் செய்யும்.

மூலிகையைத் தேர்ந்தெடுக்கும்போது ஒன்றை நினைவில் வைக்க வேண்டும்: எண்ணெயில் கரையக்கூடிய சாரம் மட்டுமே களிம்புக்குள் வரும். மஞ்சளின் நிறத்துக்குக் காரணமான குர்குமின் தண்ணீரில் ஏறக்குறையக் கரையாது, எண்ணெயில் கரையும்; ஆகவே மஞ்சள் களிம்புக்குப் பொருத்தமானது. நொச்சி, துளசி, கற்பூரவல்லி போன்ற மணமுள்ள இலைகளின் எண்ணெய்ச் சத்தும் அவ்வாறே இறங்கும். அரிப்புக்கும் பூச்சிக்கடித் தடிப்புக்கும் கிராமங்களில் நெடுங்காலமாகப் பூசப்பட்டு வரும் குப்பைமேனியை இங்கே எடுத்துக்காட்டாக வைத்துக்கொள்வோம். வீட்டு வாசலிலும் வரப்போரத்திலும் தானாக முளைத்துக் கிடப்பது அது. சாலையோரத்தில் புகையும் அழுக்கும் படிந்த செடியையும், பூச்சிமருந்து தெளித்த வயலோரச் செடியையும் தவிர்த்துவிட்டுப் பறிக்க வேண்டும். செடியை அடையாளம் காண்பதில் சிறு ஐயம் இருந்தாலும் நாட்டு மருந்துக் கடையில் உலர்ந்த இலையை வாங்கிக்கொள்வதே நல்லது.

தண்ணீர் ஏன் ஆகாது

களிம்பு கெட்டுப்போவதற்குப் பெரும்பாலும் தண்ணீரே காரணம். எண்ணெயும் மெழுகும் மட்டும் இருக்கும் இடத்தில் நுண்ணுயிர்களும் பூஞ்சையும் வளர முடியாது. அவற்றுக்கு ஈரம் தேவை. பச்சை இலையில் இருக்கும் நீர், கழுவிய டப்பாவின் ஓரத்தில் தங்கிய ஒரு துளி, குளித்துவிட்டு வந்த ஈரவிரல் என எந்த வழியாக உள்ளே போனாலும், சில வாரங்களில் களிம்பின் மேல் சாம்பல் நிறப் புள்ளிகள் தோன்றிவிடும். சோற்றுக்கற்றாழையைக் களிம்பில் சேர்க்கலாமா என்று பலர் கேட்பார்கள். அதன் சோறு ஏறக்குறைய முழுவதும் தண்ணீர். அது எண்ணெயோடு கலக்க ஓர் இடைப்பொருள் வேண்டும், கலந்த பிறகு கெடாமலிருக்கப் பாதுகாப்புப் பொருளும் வேண்டும். அப்படிச் செய்தால் கிடைப்பது க்ரீம்; அது வேறொரு கலை, தொடக்கத்தில் அதைத் தொட வேண்டாம்.

ஆகவே பறித்த குப்பைமேனி இலையைக் கழுவி, நீரை உதறி, துணியில் பரப்பி, ஓர் இரவு முழுவதும் நிழலில் வாட விட வேண்டும். இலை துவண்டு, கைக்கு ஈரம் தட்டாத நிலையில் அதை அரைக்காமல் கையாலேயே கிள்ளிக்கொள்ளலாம். 200 கிராம் எண்ணெய்க்கு வாடிய இலை இரண்டு கைப்பிடி போதும். உலர்ந்த இலையானால் 25 கிராம்.

எண்ணெய் காய்ச்சுதல்

அடி கனமான பாத்திரத்தில் எண்ணெயை ஊற்றி, அடுப்பை மிகச் சிறிய தீயில் வைத்து, எண்ணெய் இளஞ்சூடானதும் இலையைப் போட வேண்டும். தலைக்குத் தேய்க்கும் எண்ணெய் காய்ச்சிப் பழகியவர்களுக்கு இந்தக் கட்டத்தில் எதையும் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை, ஏனென்றால் வேலை முழுவதையும் இங்கே காதுதான் செய்கிறது. முதலில் இலையைச் சுற்றிப் பெரிய குமிழிகள் எழும்பி, சடசடவென்று சத்தம் வரும். இலைக்குள் மிஞ்சியிருக்கும் ஈரம் ஆவியாகும் சத்தம் அது. நேரம் செல்லச் செல்லக் குமிழிகள் சிறுத்து, சத்தம் மெலிந்து, கடைசியில் முழுவதும் அடங்கிவிடும். அப்போது ஓர் இலையைக் கரண்டியில் எடுத்து ஆறவைத்து நசுக்கினால் அது மொறுமொறுவென்று நொறுங்க வேண்டும். துவண்டு மடங்கினால் இன்னும் ஈரம் இருக்கிறது. கருத்துக் கசந்த நெடி வந்தால் தீ அதிகமாகிவிட்டது. சித்த வைத்தியர்கள் தைலம் காய்ச்சும்போது வண்டலைத் தொட்டுப் பார்த்து மெழுகு பதம், மணல் பதம் என்று பிரித்துச் சொல்வதும் இந்த ஈரக் கணக்கைத்தான்: விரலில் உருட்டினால் மெழுகாகத் திரள்வது ஒரு நிலை, மணலாக உதிர்வது அதற்கடுத்த நிலை. எந்த நிலையிலும் எண்ணெய் புகையக் கூடாது.

மஞ்சள் சேர்ப்பதென்றால், சத்தம் அடங்கி அடுப்பை அணைத்த பிறகு, 200 கிராம் எண்ணெய்க்கு ஒரு தேக்கரண்டித் தூள் சேர்த்துக் கிளறி, அந்தச் சூட்டிலேயே விட்டுவிட வேண்டும். முன்பே போட்டால் தூள் அடியில் படிந்து தீய்ந்துவிடும். களிம்பில் மஞ்சள் இருந்தால் சட்டைக் காலரிலும் தலையணை உறையிலும் கறை படியும். ஆகவே பயணக் களிம்பில் அதைக் குறைத்துக்கொள்வதோ விட்டுவிடுவதோ நல்லது.

தீயைக் கண்காணிக்க நேரமில்லாதவர்களுக்கு வெயில் முறை இருக்கிறது. நன்றாக உலர்ந்த இலையைக் கண்ணாடிச் சாடியில் போட்டு, அது மூழ்கும்படி எண்ணெய் ஊற்றி, மூடி, இரண்டு மூன்று வாரங்கள் வெயிலில் வைத்து, நாளும் ஒருமுறை குலுக்கிவிட்டால் போதும். பச்சை இலையில் இதைச் செய்யவே கூடாது, ஏனென்றால் ஈரம் வெளியேற அங்கே வழியில்லை.

எந்த முறையானாலும் எண்ணெயை உலர்ந்த பருத்தித் துணியில் வடித்து, ஓர் இரவு அசையாமல் வைத்து, அடியில் தங்கும் மண்டியை விட்டுவிட்டுத் தெளிவை மட்டும் எடுத்துக்கொள்ள வேண்டும்.

மெழுகின் அளவு

தேன்மெழுகு நாட்டு மருந்துக் கடைகளிலும், தேன் எடுப்பவர்களிடம் நேரடியாகவும் கிடைக்கும். மார்த்தாண்டம் பகுதித் தேனீ வளர்ப்பவர்களிடமும் நீலகிரி மலைத்தேன் விற்கும் கடைகளிலும் நல்ல மெழுகு வாங்கலாம். மஞ்சளோ பழுப்போ கலந்த நிறமும், லேசான தேன் மணமும், உடைத்தால் பொரபொரப்பான முறிவும் அதற்கு அடையாளம். பளிச்சென்று வெளுத்து, எந்த மணமும் இல்லாமல், தொட்டால் வழுக்குவது பெரும்பாலும் மெழுகுவத்திக்கான பாரஃபின்.

தேன்மெழுகு 62 முதல் 65 டிகிரிக்குள் உருகும். எண்ணெயோடு சேர்ந்த பின் களிம்பு ஏதோ ஒரு குறிப்பிட்ட புள்ளியில் உருகுவதில்லை. வெப்பம் ஏற ஏறப் படிப்படியாக இளகுகிறது. மெழுகு எவ்வளவு அதிகமோ அவ்வளவுக்கு அந்த இளக்கம் தள்ளிப்போகும். 100 கிராம் எண்ணெய்க்கு 20 கிராம் மெழுகு என்பது சமவெளியில் வீட்டில் வைத்துப் பயன்படுத்த ஏற்ற நடுத்தரப் பதம். கொடைக்கானலுக்கோ உதகைக்கோ குளிர்காலத்தில் போகிறவர்களுக்கு 12 முதல் 15 கிராம் போதும். அதற்கு மேல் போட்டால் அங்கே காலையில் விரலால் வழித்தெடுக்க முடியாது. சித்திரை, வைகாசியில் பேருந்திலும் இரயிலிலும் செல்வதற்கு 25 முதல் 30 கிராம் வேண்டும். உதட்டுக்குப் பூசும் குச்சி வடிவில், குழாயிலிருந்து தள்ளித் தேய்க்கும்படி வேண்டுமானால் 35 முதல் 40 கிராம் வரை போகலாம். இவை அனைத்தும் எடைக் கணக்கு. துருவிய மெழுகைக் கரண்டியால் அளந்தால் ஒவ்வொரு முறையும் வேறொரு களிம்பு கிடைக்கும். ஆகவே சமையலறைத் தராசு ஒன்று கட்டாயம் வேண்டும்.

மெழுகை நேரடியாக அடுப்பில் வைத்து உருக்கக் கூடாது, அது தீப்பற்றக்கூடிய பொருள். ஒரு பாத்திரத்தில் வெந்நீர் கொதிக்க, அதற்குள் சிறு பாத்திரத்தை இறக்கி, துருவிய மெழுகையும் வடித்த எண்ணெயையும் ஒன்றாகப் போட்டுக் கிளறினால் சில நிமிடங்களில் கரைந்துவிடும். உடனே டப்பாவில் ஊற்றிவிடாமல் பதம் பார்க்க வேண்டும். பாகுக்குக் கம்பிப் பதம் பார்ப்பது போல, குளிர்பதனப் பெட்டியில் வைத்தெடுத்த ஓர் எவர்சில்வர் கரண்டியின் முதுகில் இரண்டு சொட்டு விட்டு, அது உறைந்து அறையின் வெப்பத்துக்குத் திரும்பியதும் விரலால் தேய்த்துப் பார்க்கலாம். விரல் பட்டதும் இளகிப் பரவினால் சரியான பதம். அழுத்தினாலும் மெழுகுத் துணுக்காக உதிர்ந்தால் எண்ணெய் சேர்க்க வேண்டும். கரண்டியைச் சாய்த்ததும் நழுவினால் மெழுகு சேர்க்க வேண்டும்.

ஊற்றும்போது டப்பா முற்றிலும் உலர்ந்திருக்க வேண்டும். ஆறும்போது களிம்பு சுருங்குவதால் நடுவில் குழி விழும்; அதற்காகச் சிறிது கலவையை மிச்சம் வைத்து மேலே நிரப்பிக்கொள்ளலாம். முழுவதும் ஆறும் வரை மூடக் கூடாது. சூட்டோடு மூடினால் மூடியின் உட்புறம் நீர் முத்து முத்தாகக் கோத்துக் களிம்பின் மேலேயே விழும். இவ்வளவு நேரம் விரட்டிய ஈரத்தை நாமே உள்ளே விட்டதாகிவிடும்.

கற்பூரமும் புதினா உப்பும்

சளிக்கும் தலைவலிக்கும் தேய்க்கும் களிம்பில் கற்பூரம், புதினா உப்பு (மெந்தால்), நீலகிரித் தைலம் ஆகியவற்றைச் சேர்ப்பது வழக்கம். இவற்றைக் கலவை சற்று ஆறி, ஆனால் இன்னும் உறையாமல் இருக்கும்போதுதான் சேர்க்க வேண்டும். கொதிக்கும் சூட்டில் சேர்த்தால் மணம் முழுதும் அறையோடு போய்விடும். கற்பூரத்தையும் புதினா உப்பையும் ஒன்றாகத் தேய்த்தால், இரண்டும் திடப்பொருளாக இருந்தும், நம் கண்ணெதிரே இளகி நீர்மமாகிவிடும். அதே வேலையை அவை களிம்புக்குள்ளும் செய்வதால், அவற்றைச் சேர்க்கும் களிம்புக்கு மெழுகை இரண்டு மூன்று கிராம் கூட்டிக்கொள்வது அவசியம்.

மணத் தைலங்கள் மொத்த எடையில் நூற்றுக்கு ஒன்று அல்லது இரண்டு பங்குக்கு மேல் வேண்டாம். இரண்டு வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்குக் கற்பூரம் கலந்த எதையும் பூசக் கூடாது. எந்த வயதுக் குழந்தைக்கும் மூக்கின் அருகில் தடவக் கூடாது. கற்பூரத்தை விழுங்கிவிட்டால் குழந்தைக்கு வலிப்பு வரக்கூடும். பளபளக்கும் சிறு டப்பாவைத் திறந்து வாயில் வைக்கக் குழந்தைக்கு ஒரு நொடி போதும். இதில் எந்தச் சலுகையும் கொடுக்கக் கூடாது என்பதை அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். குடும்பத்தோடு போகும் பயணத்துக்குக் கற்பூரம் இல்லாத களிம்பையே எடுத்துச் செல்லுங்கள்.

பயணத்துக்கு

மேலே சொன்ன மெழுகுக் கணக்கு பயணத் தயாரிப்பில் பெரும்பகுதியை முடித்துவிடுகிறது. கிளம்புவதற்கு முன் ஒரு சோதனை செய்துவிடலாம்: ஒரு டப்பாவை மூடி, தட்டின் மேல் கவிழ்த்து, மொட்டை மாடியில் ஒரு பிற்பகல் வைத்து எடுத்துப் பாருங்கள். தட்டில் எண்ணெய் கசிந்திருந்தால் களிம்பு முழுவதையும் வெந்நீர்ப் பாத்திரத்தில் மீண்டும் உருக்கி, 100 கிராமுக்கு மூன்று கிராம் மெழுகு கூட்டி, மறுபடி டப்பாவில் ஊற்றுங்கள். களிம்பு திரும்ப உருக்குவதால் கெட்டுவிடாது. அது இந்த மருந்தின் நற்குணங்களில் ஒன்று.

எவ்வளவு மெழுகு சேர்த்தாலும் வெயிலில் நிறுத்திய காரின் முன்தட்டில் வைத்தால் களிம்பு உருகத்தான் செய்யும், ஏனென்றால் கோடையில் அந்த இடத்தின் வெப்பம் தேன்மெழுகின் உருகுநிலையையே தாண்டிவிடக்கூடும். பிரேசில் நாட்டுப் பனை ஒன்றின் இலையிலிருந்து எடுக்கும் கார்னாபா மெழுகு 80 டிகிரிக்கு மேல்தான் உருகும்; தேன்மெழுகில் ஐந்து கிராமை எடுத்துவிட்டு அதற்குப் பதிலாக இதைச் சேர்ப்பவர்கள் உண்டு. அது களிம்பைச் சற்று நொறுங்கும் தன்மையுடையதாக்கும். இவ்வளவு சிரமத்துக்குப் பதில், அழுத்தி மூடும் டப்பாவை விட்டுத் திருகு மூடி டப்பாவை வாங்கி, பையின் நடுவில் துணிகளுக்கிடையே நிமிர்த்தி வைப்பது எளிது. 15 முதல் 30 மி.லி. கொள்ளும் தட்டையான அலுமினிய டப்பா பயணத்துக்கு மிகவும் ஏற்றது. பெரிய டப்பா ஒன்றைவிடச் சிறியவை இரண்டு மேல். ஒன்றில் ஈரமோ மணலோ விழுந்தாலும் மற்றொன்று பிழைக்கும்.

தைப்பூசத்துக்குப் பழனிக்குப் பாதயாத்திரை போகிறவர்களும் மாலை போட்டுச் சபரிமலை ஏறுகிறவர்களும் களிம்பைக் காலுக்குத்தான் அதிகம் பயன்படுத்துவார்கள். குதிகால் பித்தவெடிப்புக்குக் குங்கிலியப் பொடியை எண்ணெயில் கரைத்து மெழுகு சேர்த்த களிம்பு நெடுநாள் வழக்கத்தில் உள்ளது. ஆனால் வெறுங்காலோடு நடப்பவர்கள் புறப்படும் முன் உள்ளங்காலில் களிம்பு பூசக் கூடாது: மணலும் தூசியும் ஒட்டிக்கொள்ளும், ஈரப்படியில் வழுக்கும். இரவு தங்கும் இடத்தில் காலைக் கழுவி, விரலிடுக்கு வரை துடைத்து, வெடிப்பில் தேய்த்து, பருத்திக் காலுறை போட்டுப் படுப்பதே சரி. இதற்கு மாறாக, தொடையிடுக்கு உராய்வுக்கு நடக்கத் தொடங்கும் முன்பே பூசிக்கொள்ள வேண்டும். தோல் வழன்ற பிறகு பூசினால் எரிச்சல்தான் மிஞ்சும்.

எலுமிச்சைப்புல் தைலம் கலந்த களிம்பைக் கொசுவுக்காக எடுத்துப்போகிறவர்கள், அதன் மணம் போனதும் காப்பும் போய்விடும் என்பதை அறிந்திருக்க வேண்டும். டெங்கு பரவும் ஊர்களில் இதை மட்டும் நம்பி இருக்கக் கூடாது.

விமானத்தில் கைப்பையோடு போவதென்றால், 2006 ஆகஸ்டில் லண்டனில் விமானங்களைத் திரவ வெடிபொருளால் தகர்க்கும் சதி கண்டுபிடிக்கப்பட்டதைத் தொடர்ந்து வந்த கட்டுப்பாடு களிம்புக்கும் பொருந்தும். பல விமான நிலையங்களில் நீர்மம், பசை, களிம்பு ஆகியவை 100 மி.லி.க்கு மேற்படாத கொள்கலனில், ஒரு லிட்டர் அளவுள்ள ஒளி ஊடுருவும் பைக்குள் இருக்க வேண்டும். பார்க்கப்படுவது டப்பாவின் கொள்ளளவுதான், 200 மி.லி. டப்பாவின் அடியில் கொஞ்சம் மட்டும் இருந்தாலும் அது நிறுத்தப்படும். டப்பாவின் மேல் பெயரும் சேர்ந்த பொருள்களும் செய்த தேதியும் எழுதி ஒட்டியிருந்தால் சோதனையில் பதில் சொல்வது எளிது. ஆஸ்திரேலியா, நியூசிலாந்து போன்ற நாடுகள் தாவரப் பொருள்களிலும் தேனீயிலிருந்து வரும் பொருள்களிலும் மிகக் கண்டிப்பானவை. அங்கே இறங்கும்போது படிவத்தில் களிம்பை மறைக்காமல் குறிப்பிட வேண்டும்.

எங்கே பூசலாம், எங்கே கூடாது

புதிய களிம்பு எதையும் முதலில் முன்கையின் உட்புறத்தில் ஒரு பொட்டளவு பூசி ஒரு நாள் முழுவதும் பார்த்துவிட வேண்டும். இயற்கையானது என்பதாலேயே ஒவ்வாமை தராது என்பதில்லை, குப்பைமேனியே சிலருக்குத் தடிப்பைத் தரும். இந்தச் சோதனையை ஊரில் இருக்கும்போதே முடித்துவிடுவது நல்லது. வறட்சி, வெடிப்பு, பூச்சிக்கடி, லேசான உராய்வு ஆகியவற்றுக்குக் களிம்பு போதும். ஆழமான வெட்டுக்கும் சீழ் வைத்த புண்ணுக்கும் அது போதாது. தீப்புண்ணில் உடனே களிம்பு பூசுவது தீங்கு, ஏனென்றால் எண்ணெய்ப் படலம் சூட்டை உள்ளேயே பிடித்துவைக்கும். குளிர்ந்த ஓடும் நீரில் இருபது நிமிடம் காட்டுவதுதான் முதலுதவி. நீரிழிவு உள்ளவர்களின் காலில் சிறு கொப்புளம் வந்தாலும் களிம்பைத் தேய்த்துவிட்டு நடையைத் தொடரக் கூடாது. உணர்ச்சி குறைந்த காலில் புண் வலிக்காமலேயே ஆழமாகப் போய்விடும், அதை மருத்துவர்தான் பார்க்க வேண்டும்.

நன்றாகக் காய்ச்சி, ஈரம் படாமல் வைத்த தேங்காய் எண்ணெய்க் களிம்பு ஓராண்டு வரையிலும் தாங்கும். நல்லெண்ணெய் கலந்தது அதைவிடச் சற்றுக் குறைவாக. வைட்டமின் ஈ மாத்திரை ஒன்றைக் குத்திப் பிழிந்து சேர்ப்பது எண்ணெய் சிக்குப் பிடிப்பதைத் தள்ளிப்போடும். பூஞ்சையை அது தடுக்காது. பயணத்தில் பல கை பட்ட டப்பாவில் மிஞ்சியதை வீட்டில் உள்ள பெரிய டப்பாவோடு சேர்க்க வேண்டாம். அதை முகர்ந்து பாருங்கள். பழைய வடைச்சட்டி எண்ணெயின் வாடை வந்தாலோ, மேலே புள்ளி தெரிந்தாலோ வழித்துப் போட்டுவிட்டு, டப்பாவைச் சீயக்காயாலோ சோப்பாலோ கழுவி, வெயிலில் நன்றாகக் காயவைத்து அடுத்த வார்ப்புக்கு எடுத்து வையுங்கள்.